மரங்கொத்தி விட்ட துளைகள்: மதேரா மலையிடுக்கில் ஒரு பகல்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், சாண்டா ரீட்டா மலைத்தொடரின் வடமேற்குச் சரிவைப் பிளந்துகொண்டு இறங்குகிறது மதேரா மலையிடுக்கு. சுற்றிலும் பாலைநிலம் கடல்போல் விரிந்திருக்க, குளிர்ச்சியும் ஈரமும் உள்ள காடு மலைமேல் மட்டும் தனித்து நிற்பதால், இத்தகைய மலைகளை உயிரியலாளர் 'வானத்தீவுகள்' என்று வழங்குகின்றனர்.

விடியற்காலையில் அடிவாரத்தில் நடக்கத் தொடங்குபவர் முதலில் காண்பது, தமிழகத்துச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் முட்புதர்களையே. சற்று மேலேறி ஓடைக்கரையை அடைந்ததும் வெண்பட்டை கொண்ட சிக்கமோர் மரங்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றுக்கு மேல் ஓக், அதற்கும் மேல் பைன் எனக் காடு உயரத்துக்கேற்ப மாறிக்கொண்டே போக, பறவைகளும் உடன் மாறுகின்றன.

இவற்றுள் பெரிதும் தேடப்படுவது எழில் ட்ரோகன். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் தீக்காக்கையின் குடும்பத்தைச் சேர்ந்த இப்பறவையின் ஆண், பச்சை முதுகும் செந்நிற வயிறும் மஞ்சள் அலகுமாக அத்தனை பளிச்சென்று இருந்தும், கிளையில் அசையாது அமரும் இயல்பினால் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. அதன் கரகரத்த குரலைக் கேட்டு, பொறுமையுடன் நின்று தேடுவதே வழி. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கும் பழக்கம் தவிர்க்கப்பட வேண்டியது. ஏனெனில் போட்டிக்கு மற்றொரு ஆண் வந்துவிட்டதாக எண்ணி அது கூட்டை விட்டு அலைய நேர்கிறது. அந்தக் கூடும் அது தானே அமைத்ததன்று, பெரும்பாலும் சிக்கமோர் மரத்தில் மரங்கொத்தி குடைந்து கைவிட்ட துளையே. ஓடை நீர் மரத்தை வளர்க்க, மரம் மரங்கொத்திக்கு இடந்தர, மரங்கொத்தியின் உழைப்பில் ட்ரோகன் குடியேறுகிறது.

சாலை முடியும் இடத்திலிருந்து, 2,881 மீட்டர் உயரமுள்ள ரைட்சன் சிகரத்தை நோக்கி ஒற்றையடிப் பாதைகள் ஏறுகின்றன. பறவை நோக்கும் ஒரு பகற்பொழுதுக்கு, ஏறத்தாழ 2,150 மீட்டர் உயரத்திலுள்ள ஜோசபின் கணவாய் வரை ஏறித் திரும்புவதே போதுமானது. 1958 நவம்பரில் பனிப்புயலில் சிக்கி உயிரிழந்த மூன்று சாரணச் சிறுவர்களின் நினைவுச்சின்னம் அங்கு உள்ளது. பாலையின் நடுவே எழுந்த மலையாயினும் அதன் வானிலை பாலையின் வானிலை அன்று என்பதை மலையேறுவோர் மறக்கலாகாது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில் பிற்பகலில் இடிமின்னல் மிகுவதால், நண்பகலுக்குள் உயரங்களை விட்டு இறங்கிவிடுவது நல்லது.

இறங்கியபின் விடுதிகளை ஒட்டி வைக்கப்பட்டுள்ள சர்க்கரைநீர்க் கிண்ணங்களில் ஹம்மிங் பறவைகள் மொய்ப்பதைக் காணலாம். கோடைகாலமாயின் இருள் கவியும் வரை காத்திருப்பது நலம். உலகின் மிகச் சிறிய ஆந்தைகளுள் ஒன்றான, சிட்டுக்குருவி அளவேயுள்ள குள்ள ஆந்தை, மரங்கொத்தியின் மற்றொரு பழந்துளையிலிருந்து தலைநீட்டிச் சற்று நேரம் பார்த்திருந்து, பின் பூச்சி வேட்டைக்குப் புறப்படும்.