எலிக்காய்ச்சலும் குழித்தட்டு இரத்தச் சோதனையும்

பெரும்போக மழை தொடங்கியதும் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய பகுதிகளின் வட்டைகளில் உழவும் வரம்பு கட்டலும் ஒருங்கே நடைபெறும். சேற்றில் இறங்காது வேளாண்மை செய்தல் இயலாது. அச்சேற்றில் எலியின் சிறுநீரும் கலந்திருத்தல் கூடும். அதிலுள்ள லெப்டோஸ்பைரா என்னும் பற்றீரியா, கால் வெடிப்புகள், கீறல்கள், கண், வாய் ஆகியவற்றின் வழியாக உடலினுட் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்குகின்றது. மாடும் எருமையும் இக்கிருமியைச் சுமக்கக்கூடியனவே. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 200 பேர் இறந்தனர்.

கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவத்தல் என்பன இதன் அறிகுறிகள். டெங்குக் காய்ச்சலும் மழைக்காலத்திலேயே பெருகுவதால் இரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. எனவே வைத்தியர் இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புவார். இவ்விடத்திலேதான் கமக்காரர் பலர் தவறுகின்றனர். காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளில் இரத்தங் கொடுத்து, “நோய்க்குறி இல்லை” என்னும் விடை கிடைத்தவுடன், தமக்கு எலிக்காய்ச்சல் இல்லையெனத் துணிந்து வீட்டிற் படுத்துவிடுகின்றனர். அவ்விடை எத்துணை வரை நம்பத்தக்கது என்பதை அறியச் சோதனை நடைபெறும் முறையை அறிதல் வேண்டும்.

ஆய்வுகூடத்தில் இதற்குப் பயன்படுவது உள்ளங்கையளவான ஒரு பிளாஸ்டிக் தட்டு. வரம்பு கட்டிய சிறு பாத்திகளைப் போல அதில் 8 வரிசைகளில், வரிசைக்கு 12 ஆக, 96 சிறு குழிகள் உண்டு. ஒரு குழி சில துளி நீரையே கொள்ளும். இதனை மைக்ரோடைட்டர் தட்டு என்பர். ஹங்கேரி நாட்டு ஆய்வாளர் ஜூலா தகாட்சி 1951ஆம் ஆண்டளவில் இம்முறைக்கு வழிகோலினார். பெருங் குழாய்களிற் செய்து வந்த சோதனையைச் சில துளிகளிலே செய்ய முடிந்தமையால், ஒருவரின் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டே பல சோதனைகளை ஒரே வேளையில் நடத்துதல் கைகூடிற்று.

இரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரே சோதனைக்கு எடுக்கப்படும். கிருமி புகுந்த உடல் அதனை எதிர்க்க ஆக்கும் பிறபொருளெதிரிகள் அத்தெளிநீரில் இருக்கும். முதற் குழியில் தெளிநீர் 50 மடங்கு நீர்த்திருந்தால், அடுத்தடுத்த குழிகளில் 100, 200, 400, 800 மடங்கு என இரட்டித்துக்கொண்டே செல்லும். ஒவ்வொரு குழியிலும் உயிருள்ள லெப்டோஸ்பைரா சேர்க்கப்படும். இக்கிருமியில் வகைகள் பல. ஆதலின் வரிசைக்கு ஒரு வகையாக வைத்துப் பார்ப்பர். இரண்டு மணி நேரத்தின் பின், கரும்புல நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்க்குமிடத்து, எதிரிகள் உள்ள குழிகளிற் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருக்கும். இல்லாத குழிகளில் தனித்தனியே நெளிந்து திரியும். பாதியளவு கிருமிகளாவது திரண்டிருக்கும் கடைசிக் குழியின் எண்ணே விடையாகும். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இச்சோதனை செய்யப்படும் இடங்களுள் ஒன்று.

தட்டு நேராகக் காட்டுவது கிருமியையன்று, உடல் ஆக்கிய எதிரியையே என்பது இங்கு முக்கியம். அவ்வெதிரி தட்டிற் புலப்படுமளவு பெருகப் பெரும்பாலும் ஒரு கிழமையாகும். எனவே முதல் நாட்களில் எடுத்த இரத்தம் “இல்லை” என்று கூறினாலும் நோய் உள்ளே இருக்கலாம். இதற்கு மறுதலையான மயக்கமும் உண்டு. பல போகங்கள் சேற்றில் உழைத்தவரின் உடலில் முன்னொருகால் வந்த தொற்றின் எதிரிகள் எஞ்சியிருக்கலாம். 100 என்னும் விடை பழைய நோயின் தடமாகவும் இருக்கக்கூடும். இதனாலேயே இரண்டு கிழமை சென்றபின் இரண்டாம் முறை இரத்தம் கேட்கின்றனர். முன்னர் 100 ஆக இருந்தது இப்பொழுது 400 அல்லது அதற்கு மேலாயின், அதாவது நான்கு மடங்காயின், நோய் இப்போதையதே எனத் துணியலாம். காய்ச்சல் தணிந்ததும் அறுவடை வேலை நெருக்குகின்றதென்று இரண்டாம் இரத்தத்தைக் கொடாது விடுவோர் மிகுதி. அவ்வட்டையில் எவ்வகைக் கிருமி உலவுகின்றது என்பது அதனால் தெரியாமலே போய்விடுகின்றது.

விடை வரும்வரை சிகிச்சையைத் தள்ளிவைத்தல் கூடாது. சிறுநீரகம் பழுதுபடுதலும் நுரையீரலிற் குருதி கசிதலும் சில நாட்களுள் நேரக்கூடியவை. சந்தேகம் எழுந்தவுடனே வைத்தியர் மருந்து தொடங்குவதற்கு உதவுவது நோயாளியின் ஒரு சொல்லே: எத்தனை நாட்களுக்கு முன் வயலில் இறங்கினார் என்பது. வேலை செய்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வருதலே பெரும்பான்மை. ஒரு மாதம் வரை பிந்துதலும் உண்டு. சிறுநீர் குறைதல், கண் மஞ்சளித்தல், மூச்சுத் திணறல் ஆகியன கண்டால் அன்றே வைத்தியசாலையிற் சேர்தல் வேண்டும்.

வரம்புப் புற்களைச் செதுக்கி எலி வளைகளை அழித்தல் நெல்லையும் காக்கும், உடலையும் காக்கும். உழவுச் சேற்றில் சப்பாத்து அணிந்து நடத்தல் அரிதென்பது யாவரும் அறிந்ததே. காலிற் புண்ணுடையோரையேனும் புண் ஆறும்வரை மேட்டு வேலைக்கு அனுப்பலாம். கிழமைக்கு ஒரு முறை உட்கொள்ளும் டொக்சிசைக்கிளின் தடுப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகப் பெறலாம். கருவுற்ற பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஏற்றதன்று. ஏனையோரும் அதிகாரியைக் கேட்டே உட்கொள்ளல் வேண்டும். விதைப்புக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்திலேயே வட்டைவிதானையார் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைப்பாராயின், உழவு தொடங்குமுன் மருந்து கைக்கு வந்து சேரும்.