“இது ஓடுமோ மிஸ்?”

நத்தார் முடிந்து மூன்று கிழமைக்குள் தைப்பொங்கல் வந்துவிடும். இந்த நாட்களில் எங்களைப் போன்ற சமூகப் பணியாளர்களின் வீடுகளில் சாமான் வைக்க இடமிருக்காது. கிராமங்களில் நாங்கள் சந்திக்கும் சகோதரிகள், தம் கையாலேயே செய்த பொருட்களை அன்போடு கொண்டுவந்து தருவார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

என் வீட்டில் உள்ளவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். தொலைக்காட்சிக்கு ஒரு குறோசே உறை. அதன் கரை திரையில் தொங்குவதால் செய்தி வாசிப்பவரின் நெற்றியை நாங்கள் கண்டதேயில்லை. சோடாப் போத்தலை வெட்டிச் செய்த பூச்சாடி. தண்ணீர் ஊற்றினால் மேசைதான் நனையும். யோகட் கோப்பைகளில் செய்த தொங்கு அலங்காரம். காற்றடித்தால் தலையில் இடிக்கும். சொப்பிங் பைகளில் பின்னிய கால்துடைப்பான்; ஈரத்தை உறிஞ்சாது, ஆளைத்தான் வழுக்கும். பொங்கலுக்கு வந்த அரியதரத்தை உடைக்க அம்மா பாக்குவெட்டியைத் தேடினார்!

சிரியுங்கள், பரவாயில்லை. செய்து தந்தவர்களும் எங்களோடு சேர்ந்து சிரிப்பவர்கள்தான். ஆனால் இவை ஏன் வருகின்றன என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர், 1925இல் வெளிவந்த கொடை பற்றிய தமது ஆய்வில், கொடுத்தல், பெற்றுக்கொள்ளல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் மனிதரை ஒருவரோடு ஒருவர் பிணைக்கும் கடமைகள் என்றார். திருப்பிக் கொடுக்க முடியாதவர் தாழ்ந்துபோகிறார் என்றும் சொன்னார். பரீட்சைக்காகப் படித்த இந்த விடயம் எனக்குக் கிராமங்களில்தான் விளங்கியது. இடம்பெயர்ந்த நாள் முதல் வரிசையில் நின்று நிவாரணம் வாங்கிய பெண்ணின் கை, ஒருநாளாவது கொடுக்கும் கையாக இருக்க விரும்புகிறது. அந்த வழுக்கும் கால்துடைப்பானில் இருப்பது அந்த விருப்பம்தான். ஆகவே அதைச் சந்தோஷமாக வாங்கி, “வடிவாயிருக்கு” என்று சொல்வது பொய்யல்ல, மரியாதை.

சிக்கல் அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. “இதைச் செய்து வித்தா ஓடுமோ மிஸ்?”

இதற்கும் சுற்றியிருப்பவர்கள் அதே மரியாதையோடு, “ஓமோம், நல்லா ஓடும்” என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வாழ்பவர், இந்த வார்த்தையை நம்பி நுண்கடன் எடுத்து நூல் வாங்கினார். இரவிரவாக உறைகள் பின்னினார். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஒருவர்கூடக் காசு கொடுத்து வாங்கவில்லை. உறைகள் பெட்டிக்குள் கிடக்க, தவணைப் பணம் கேட்பவர் மட்டும் கிழமை தவறாமல் வந்தார். கடைசியில் அவரது தோடு அடகுக்குப் போனது.

கைவேலை விலைபோகாது என்று நான் சொல்லவில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, வடக்கில் வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கு எரிந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். வடிவுக்காக யாரும் அதைச் செய்யவில்லை. கொஞ்ச மண்ணெண்ணெயில் இரவு முழுக்க எரிந்தது. ஆகவே எல்லோருக்கும் தேவைப்பட்டது. பனையோலைச் சுளகும் நீத்துப்பெட்டியும் அப்படித்தான். பண்டிகை வந்தாலும் வராவிட்டாலும் சமையலறைக்கு அவை வேண்டும். பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையம் அருகில் இருந்தால் ஒருமுறை போய், எவை விற்பனைக்கு இருக்கின்றன, என்ன விலை என்று பார்த்து வாருங்கள்.

கடன் எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உறவினரும் தெரிந்தவரும் அல்லாத யாராவது இதைக் காசு கொடுத்து வாங்கினார்களா? நூல், பஸ் காசு, நமது நேரம் எல்லாவற்றையும் கணக்கிட்டால் கையில் என்ன மிஞ்சும்? நூலுக்கு 600 ரூபாயும் மூன்று நாள் உழைப்பும் போன உறையை 700 ரூபாய்க்குக் கொடுத்தால், நாளொன்றுக்கு நமது கூலி 33 ரூபாய்தான். பண்டிகை இல்லாத மாதத்திலும் இதை யாராவது தேடுவார்களா? முதலில் கடனில்லாமல் ஐந்தாறு செய்து சந்தையில் வைத்துப் பாருங்கள்.

சகோதரிகளே, பண்டிகைக்குத் தாராளமாகச் செய்து கொடுங்கள். நாங்களும் மனநிறைவோடு வாங்குவோம். விற்பது என்று முடிவெடுத்தால் மட்டும், உங்களைப் பாராட்டுபவரிடம் கூச்சப்படாமல் ஒன்றைக் கேளுங்கள்: “நீங்கள் இதை எத்தனை ரூபாய்க்கு வாங்குவீர்கள்?”