துப்பாக்கிக் குழலை வெட்டலாமா?

தாதர் ரெயில் நிலையத்தில் ஒரு நெல்லைக்காரர் கேட்ட கேள்வி

தாதரிலிருந்து திருநெல்வேலிக்குச் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் புறப்படும் நாளில் பிளாட்பாரத்தில் நம்மவர் கூட்டம்தான். வழியனுப்ப வந்தவர் பாதி. ஊருக்குப் பொட்டலம் கொடுத்தனுப்ப வந்தவர் பாதி. நான் ரெயில்வே குமாஸ்தா என்பதால் சந்தேகம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அன்று ஒருவர் கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல.

"அண்ணாச்சி, துப்பாக்கிக் குழல் ஒண்ணை ஊர்லேர்ந்து ரெயில்ல கொண்டு வரலாமா?"

அவருக்குத் தாராவியில் தோல் பட்டறையில் வேலை. சொந்த ஊர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். வயலுக்கு வரும் காட்டுப்பன்றியை விரட்ட அவர் தந்தை லைசென்சு எடுத்து வைத்திருந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி அது. தந்தை காலமாகி எட்டு மாதம் ஆகிறது. குழலின் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மோதிரம் போட்டதுபோல வீங்கியிருக்கிறதாம்.

"வீங்கின இடத்தோட வெட்டி எறிஞ்சா தம்பி வச்சுக்கிடுவான். இங்க லேத் பட்டறைக்காரர் ஒருத்தர் தெரிஞ்சவரு. அம்மா என்னன்னா, ஊதுகுழலா ஆக்கித் தாடே, அடுப்பு ஊதிக்கிடுதேன்னு சொல்லுதா" என்றார்.

வீக்கம் வருவது எப்படி?

ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ அதுவே '12 போர்' குழலின் துவாரம், சுமார் 18.5 மில்லி மீட்டர். மருந்து வெடிக்கும் பின்பக்கம் இரும்பு தடிமனாக இருக்கும், நுனிப்பக்கம் மெலிந்திருக்கும். சேற்றுக் கட்டியோ, குளவிக் கூடோ, துடைத்த துணியோ உள்ளே தங்கிவிட்டால் பாய்ந்து வரும் ரவை அதில் முட்டும். அந்தக் கணத்தில் அழுத்தம் அங்கேயே எகிறும். குழல் வீங்கும்; இல்லாவிட்டால் கிழியும்.

தவறிப்போய் 20 போர் தோட்டாவைப் போட்டாலும் ஆபத்துதான். அது 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று எண்ணி அடுத்து 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டவர் கையை இழக்க நேரும். இந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தார்கள்.

உள்நோக்கி நசுங்கிய குழலை, அச்சு செலுத்தி நிமிர்த்தத் தெரிந்த கைவினைஞர்கள் உண்டு. வெளிநோக்கி வீங்கிய குழல் அப்படியல்ல. அங்கே இரும்பு இழுபட்டு மெலிந்துவிட்டது. தட்டிச் சமப்படுத்தினால் கண்ணுக்குத்தான் மறையும். போன பலம் திரும்பாது. இங்கிலாந்தில் தோட்டா தங்கும் பின்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னால் புதுக் குழல் பொருத்துவது உண்டு. அதையும் மறுபடி சோதனைக்கு வைத்தாக வேண்டும். பர்மிங்காமில் 1813ல் இதற்கென்றே சட்டப்படி ஒரு சோதனைச் சாலை ஏற்பட்டது. வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைத் தொழிலாகப் பழுது பார்க்கவும் லைசென்சு வேண்டும். குழலை வெட்டிக் குட்டையாக்கவும் லைசென்சு வேண்டும். லைசென்சு இல்லாமல் குழலை வெட்டினால், 2019ல் வந்த திருத்தத்தின்படி தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாது; ஆயுள் வரை போகலாம். பழகிய முகத்துக்காக லேத்தை ஓட்டுகிற பட்டறைக்காரரும் சேர்ந்தே சிக்குவார்.

"குழல் மட்டும்தானே, வெறும் இரும்பு" என்ற வாதமும் எடுபடாது. ஆயுதத்தின் பாகமும் ஆயுதமே. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாது என்ற நிலைக்குப் போன துப்பாக்கிக்குத்தான் சட்டம் விலக்குத் தருகிறது. அதை முடிவு செய்வது நாமல்ல. லைசென்சுக்காரர் இறந்துவிட்டால், வாரிசுகள் துப்பாக்கியைத் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு தம் பெயருக்கு லைசென்சு கேட்கலாம், அல்லது விற்றுவிடலாம்.

ஊதுகுழல் ஆசை புதிதல்ல

அந்தத் தாயாரின் யோசனையில் கேலி செய்ய ஒன்றுமில்லை. நெப்போலியன் போர்கள் 1815ல் முடிந்தபின், இங்கிலாந்தில் மிஞ்சிய துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று திருகிச் சேர்த்து, விளக்குக்கு வாயு கொண்டுபோகும் குழாயாக்கினார்கள். நம் தெருக்களில் ஓடும் பி.எஸ்.ஏ. சைக்கிளின் பெயரே பர்மிங்காம் ஆயுதக் கம்பெனியின் பெயர்தான். துப்பாக்கி செய்த கை சைக்கிளும் செய்தது. ஆனால் அவர்கள் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்தார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் நண்பர் முகம் வெளிறியது. "எட்டு மாசமா பரண்ல கிடக்கே அண்ணாச்சி!" என்றார். அங்கிருந்தபடியே தம்பிக்குப் போன் செய்தார். மறுநாளே தம்பி, தந்தையின் லைசென்சுப் புத்தகத்தோடு துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டார்.

போன வாரம் நண்பரை மறுபடி அதே பிளாட்பாரத்தில் பார்த்தேன். கையில் ஒரு நீளப் பொட்டலம். எனக்குத் திக்கென்றது. அவர் சிரித்துக்கொண்டே பிரித்துக் காட்டினார். சாதாரண இரும்புக் குழாய்; அந்த லேத் பட்டறையிலேயே வெட்டி, இரு முனையும் வழவழப்பாகத் தேய்த்திருந்தார்கள்.

"அப்பா பிடிச்ச இரும்பு இல்லைதான். அம்மாட்ட சொல்லிட்டேன். சரிடே, நீ அனுப்புனதா இருக்கட்டும்னுட்டா" என்றார்.

ஊருக்குப் போகிறவர் ஒருவரிடம் பொட்டலம் கைமாறியது. சாளுக்கியா புறப்பட்டது. உங்கள் ஊர் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கிறதா என்று இன்றைக்கே விசாரித்துப் பாருங்கள்.