அன்று சத்தியம், இன்று சிகிச்சை

1979-இல் டி.டி. ரங்கநாதன் குடியால் இறந்தபோது அந்தக் குடும்பத்துக்குப் பணத்துக்கோ செல்வாக்குக்கோ குறைவில்லை. மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் அவர். சிகிச்சைக்கு அமெரிக்கா வரை போய்ப் பார்த்தும் பிழைக்கவில்லை. மறு ஆண்டே அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன், கணவர் பெயரில் சென்னையில் குடிநோய்க்கென ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார்.

வசதியானவர்களுக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களுக்குச் சாமிதான் கதி. கோயிலில் கயிறு கட்டுவார்கள். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவார்கள். கல்யாணம் பண்ணிவைத்தால் திருந்திவிடுவான் என்பதும் ஒரு வைத்தியமாகவே இருந்தது. அதில் எங்கிருந்தோ வந்த ஒரு பெண்தான் மருந்து. குடிப்பவனுக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரையைப் பொடித்துக் கலந்த வீடுகளும் உண்டு. டைசல்ஃபிராம் என்ற அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம் என்பதை அந்த வீடுகளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விரத மாலை போடுவதும் இந்த வைத்தியங்களில் ஒன்று; அதை மட்டும் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஒரு மண்டலம் சொட்டுகூடத் தொடாமல் இருந்தவர்கள் ஏராளம். “அப்போது முடிந்தது, இப்போது ஏன் முடியாது?” என்று வீட்டில் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த நாட்களில் குருசாமி இருந்தார், கூட்டுப் பஜனை இருந்தது, ‘சாமி’ என்று கூப்பிட்ட ஊர் இருந்தது. மாலையைக் கழற்றியதும் அத்தனையும் போய்விடும்; மூளை பழகிய போதை மட்டும் அங்கேயே இருக்கும். வைராக்கியத்தைவிடச் சுற்றம்தான் அவர்களைத் தாங்கியது என்பது என் கணிப்பு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் 1935 முதல் செய்துவருவதும் ஏறக்குறைய இதைத்தான்.

இப்படி நிறுத்துவதில் ஒரு ஆபத்தும் உண்டு. நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவது எல்லாம் வரலாம். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியிடம் ஓடிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் உண்டு.

இன்று அந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடத்த மாத்திரைகளும் தயமின் ஊசியும் இருக்கின்றன. வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் வந்துவிட்டன. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. ஓராண்டுக்குள் இரண்டு தென்பட்டாலே கவனிக்க வேண்டிய கோளாறு. எல்லாம் இழந்து தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனநலச் சிக்கல்களை நம் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநோய் என்றே ஏற்கிறது. கஞ்சா, ஹெராயின் என்றால் போலீஸ் பயம் வேறு சேர்ந்துகொள்ளும். தாமாகச் சிகிச்சைக்கு வருபவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு தொடர்பான வழக்குகளில் பாதுகாப்பு தருகிறது.

இவ்வளவு இருந்தும் வருபவர்கள் குறைவு. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் உதவி பெற்றிருந்தார். சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால், “அவ்வளவு செலவழித்தும் புத்தி வரவில்லையே” என்கிறது வீடு. மறுசறுக்கல் இந்த நோயில் வழக்கமானது; உடனே மருத்துவரிடம் திரும்பவேண்டிய நேரம் அது. சத்தியத்தை மீறியவனாகத்தான் இன்னும் அவனைப் பார்க்கிறோம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. தனியார் மையம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள்; அடித்துத் திருத்துகிறோம் என்பவர்களிடம் விடாதீர்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. மருத்துவரிடம் தினமும் எவ்வளவு குடிக்கிறார் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.