கூரையில் தொங்கும் சட்டை

1998ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள். அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்து அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆட்டத்தின் இடைவேளையில், 61 வயதான ஒருவர் திடலின் நடுவே வந்து நின்றார். அவருடைய உயரம் ஏழு அடிக்கும் மேல். பல்கலைக்கழக அணியின் மேலங்கியை அணிந்திருந்தார். அவரைக் கண்டதும் கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினர். சற்று நேரத்தில், அவர் மாணவராக இருந்தபோது அணிந்த 13ஆம் எண் சட்டையின் உருவம் அரங்கின் உயரத்தில் இடம்பெற்றது.

அவர் பெயர் வில்ட் சேம்பர்லேன். உலகக் கூடைப்பந்து வரலாற்றில் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர். அவர் அப்பல்கலைக்கழகத்துக்காகக் கடைசியாக ஆடியது 1958இல். அந்தச் சட்டை கூரைக்குச் செல்ல ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. ஏன் இத்தனை காலம்? அந்தச் சிறப்புக்கு அவர் உண்மையிலேயே தகுதியானவரா? இக்கேள்விகளுக்கு விடை காண, முதலில் இந்த வழக்கத்தைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும்.

எண்ணுக்கு ஓய்வு

குழு விளையாட்டுகளில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் சட்டையிலும் ஓர் எண் இருக்கும். நடுவரும் பார்வையாளரும் ஆட்டக்காரர்களை எளிதில் அடையாளம் காண்பதற்காகவே அந்த எண் ஏற்பட்டது. காலப்போக்கில் சில எண்கள் சில ஆட்டக்காரர்களோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. அத்தகைய ஆட்டக்காரர் விலகிய பிறகு, அவருடைய எண்ணை வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்று அணி முடிவு செய்வதுண்டு. இதனையே 'எண்ணுக்கு ஓய்வு அளித்தல்' என்கிறோம். காற்பந்து ரசிகர்கள் இதனை அறிந்திருப்பர். மரடோனா அணிந்த 10ஆம் எண்ணை இத்தாலியின் நாப்போலி குழு வேறு எவருக்கும் வழங்குவதில்லை.

இவ்வழக்கத்தின் தொடக்கம் ஒரு துயர நிகழ்வோடு தொடர்புடையது. கனடாவின் டொராண்டோ பனி ஹாக்கி அணியில் ஏஸ் பெய்லி என்பவர் 6ஆம் எண்ணை அணிந்து ஆடினார். 1933ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த ஓர் ஆட்டத்தில், எதிரணி ஆட்டக்காரர் மோதியதில் அவருடைய மண்டையோடு உடைந்தது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் மீண்டும் ஆட இயலவில்லை. அவருக்கு நிதி திரட்டுவதற்காக 1934ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் ஒரு சிறப்பாட்டம் நடைபெற்றது. அவருடைய எண்ணை இனி எவரும் அணியமாட்டார் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

பல ஆண்டுகள் கழித்து, அதே அணியில் ஆடிய ரான் எல்லிஸ் என்ற இளைஞரின் ஆட்டம் பெய்லிக்கு மிகவும் பிடித்துப்போனது. தம் எண்ணை அந்த இளைஞருக்குக் கொடுக்குமாறு பெய்லியே கேட்டுக்கொண்டார். அவ்வாறே 6ஆம் எண் மீண்டும் திடலில் இறங்கியது. ஓர் எண்ணைப் பூட்டி வைப்பதும் மதிப்புதான். அதைத் தகுதியான கைகளில் ஒப்படைப்பதும் மதிப்புதான் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பல்கலைக்கழகங்களின் சிக்கல்

அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கூடைப்பந்துக்குப் பெரும் வரவேற்பு உண்டு. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் அணிக்கு வருவர், மூத்தவர்கள் விடைபெறுவர். ஆகவே, புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் பட்டியலும் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொருவரின் எண்ணையும் ஒதுக்கி வைத்தால் என்ன ஆகும்?

பல பத்தாண்டுகளாகப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தில் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களைச் சட்டையில் பயன்படுத்த அனுமதி இல்லை. தவறு செய்த ஆட்டக்காரரின் எண்ணை நடுவர் தம் கைவிரல்களால் காட்டுவார். ஒரு கையில் ஐந்து விரல்கள்தாமே உள்ளன! எனவே 23, 45 போன்ற எண்கள் இருக்கலாம். 27, 48 போன்றவை கூடா. இவ்விதிப்படி ஓர் அணிக்குக் கிடைத்தவை 37 எண்கள் மட்டுமே. 2023ஆம் ஆண்டில்தான் இவ்விதி தளர்த்தப்பட்டது. நூறாண்டு வரலாறுடைய ஓர் அணி, வாரி வழங்கும் வள்ளலைப்போல் எண்களுக்கு ஓய்வு அளித்தால், புதிதாக வரும் மாணவருக்கு எண்ணே மிஞ்சாது.

இச்சிக்கலைத் தீர்க்கப் பல்கலைக்கழகங்கள் இருவேறு வழிகளைக் கையாளுகின்றன. வட கரோலினா பல்கலைக்கழகம் இச்சிறப்பை இரண்டாகப் பிரித்துள்ளது. நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற முதன்மை விருதுகளுள் ஒன்றைப் பெற்றவரின் எண்ணுக்கு மட்டுமே முழு ஓய்வு. மைக்கல் ஜோர்டனின் 23ஆம் எண் அவ்வாறு ஒதுக்கப்பட்டதே. மற்றச் சாதனையாளர்களின் சட்டைகள் அரங்கில் தொங்கும். ஆனால் அவர்களுடைய எண்களைப் பிறர் அணியலாம்.

கான்சஸ் பல்கலைக்கழகமோ சட்டையை மட்டும் உயர்த்துகிறது, எண்ணை ஒதுக்குவதில்லை. 1988இல் டேனி மேனிங் என்பவர் 25ஆம் எண்ணை அணிந்து, கான்சசுக்குத் தேசிய வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 2008இல் கான்சஸ் மீண்டும் அப்பட்டத்தை வென்றது. அந்த அணியில் 25ஆம் எண்ணை அணிந்து ஆடியவர் பிராண்டன் ரஷ் என்ற மாணவர். அப்போது மேனிங், அதே அணியின் துணைப் பயிற்றுநராக இருந்தார். தாம் அணிந்த எண் இன்னொருவரின் முதுகில் வெற்றி காண்பதை அவர் நேரில் பார்த்தார்.

சேம்பர்லேனுக்கு எதிரான வாதங்கள்

இனி, சேம்பர்லேனின் கதைக்குத் திரும்புவோம். அவருக்கு இச்சிறப்பை வழங்கக்கூடாது என்று வாதிட விரும்புவோருக்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, அவர் ஆடிய காலம் குறைவு. அக்காலத்தில் முதலாம் ஆண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட இயலாது. எனவே, அவர் ஆடியவை இரண்டு பருவங்கள், 48 ஆட்டங்கள்.

இரண்டாவது, அவர் படிப்பை முடிக்கவில்லை. இன்னும் ஓராண்டு ஆட வாய்ப்பிருந்தும், 1958இல் பல்கலைக்கழகத்தை விட்டு விலகிவிட்டார். பல்கலைக்கழகம் என்பது முதலில் ஒரு கல்விக்கூடம். பட்டம் பெறாத ஒருவரை மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, அவர் கிண்ணத்தை வென்று தரவில்லை. இதுவே அவரை மிகவும் வாட்டிய காரணம். 1957ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் கான்சசும் வட கரோலினாவும் மோதின. அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத அணி வட கரோலினா. ஆட்டம் தொடங்கும்போது நடுவர் பந்தை மேலே வீசுவார்; இரு அணிகளிலிருந்தும் ஒருவர் எம்பிக் குதித்து அதைத் தட்டுவர். 7 அடி 1 அங்குல உயரமுள்ள சேம்பர்லேனுக்கு எதிராக, வட கரோலினாவின் பயிற்றுநர் ஆறடியைக்கூட எட்டாத டாமி கர்ன்ஸ் என்பவரை நிறுத்தினார். சேம்பர்லேனின் மனத்தைக் கலைப்பதற்கான உத்தி அது!

ஆட்டம் முழுவதும் வட கரோலினா ஆட்டக்காரர்கள் சேம்பர்லேனைச் சூழ்ந்து நின்றனர். ஆட்ட நேரம் முடிந்தபோது புள்ளிகள் சமமாக இருந்தன. கூடுதல் நேரம் ஒருமுறையன்று, மூன்று முறை வழங்கப்பட்டது. இறுதி விநாடிகளில், சேம்பர்லேனை நோக்கி வீசப்பட்ட பந்தை எதிரணியினர் தட்டிவிட்டனர். 54-53. ஒரே ஒரு புள்ளியில் கான்சஸ் தோற்றது.

அவருக்கு ஆதரவான வாதங்கள்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த 48 ஆட்டங்களில் சேம்பர்லேன் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 29.9 புள்ளிகளைப் பெற்றார். குறி தவறித் திரும்பி வந்த பந்தைச் சராசரியாக 18.3 முறை கைப்பற்றினார். முதல் ஆட்டத்திலேயே 52 புள்ளிகளைக் குவித்தார். 1957 தேசியப் போட்டியின் இறுதிக் கட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் தோல்வியுற்ற அணியைச் சேர்ந்த அவருக்கே கிடைத்தது.

அவர் விலகியதற்கும் ஒரு காரணம் உண்டு. பந்தை இத்தனை விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி பல்கலைக்கழக ஆட்டங்களில் அக்காலத்தில் இல்லை. அதனால் எதிரணியினர் பந்தைத் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தினர். சேம்பர்லேனிடம் பந்து வந்தாலோ மூன்று பேர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். இப்படி ஆடுவதில் அவருக்கு மகிழ்ச்சி இல்லாமல் போயிற்று.

புள்ளிக் கணக்கில் அடங்காத ஒன்றும் உண்டு. சேம்பர்லேன் ஒரு கறுப்பினத்தவர். 1950களில் அமெரிக்காவின் பல இடங்களில் கறுப்பினத்தவர் வெள்ளையரோடு சமமாக அமர்ந்து உணவு உண்ணவும் முடியாது. பல்கலைக்கழகம் அமைந்திருந்த லாரன்ஸ் நகரின் உணவகங்களிலும் அந்தப் பாகுபாடு இருந்தது. 1957இல் டாலஸ் நகரில் ஆடியபோது, பார்வையாளர்களின் இனவெறிக் கூச்சலை அவர் எதிர்கொண்டார். இருபது வயது இளைஞர் ஒருவர் இத்தனையையும் தாங்கிக்கொண்டு ஆடினார் என்பதை எந்தப் புள்ளிப்பட்டியலும் கூறுவதில்லை.

நாற்பது ஆண்டுப் பாரம்

பின்னாளில் சேம்பர்லேன் தொழில்முறை ஆட்டக்காரராகப் பெரும் புகழ் பெற்றார். 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகளைப் பெற்று உலகை வியக்க வைத்தார். ஆயினும், 1957இல் அடைந்த தோல்வி அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. தம் பல்கலைக்கழகத்தை ஏமாற்றிவிட்டோம் என்ற எண்ணம் அவரை வாட்டியது. அதனால் நெடுங்காலம் அவர் அப்பக்கம் வருவதைத் தவிர்த்தார்.

1998இல் அவர் திரும்பி வந்தபோது, அந்தத் தோல்வியின் வலியைப் பற்றி அரங்கிலேயே மனம் திறந்து பேசினார். அரங்கில் ஒருவர்கூட அவரைக் குறை கூறவில்லை. அனைவரும் ஆர்ப்பரித்து வரவேற்றனர். அங்கிருந்த மாணவர்களுள் பலர், அவர் ஆடிய காலத்தில் பிறந்திருக்கவே மாட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், சேம்பர்லேன் காலமானார். அந்த விழா இன்னும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தால், அந்த வரவேற்பை அவர் கண்டிருக்கவே முடியாது.

காத்திருக்க வேண்டுமா?

அண்மையில் நடந்த மற்றொரு நிகழ்வு இதற்கு நேர்மாறானது. ஐயோவா பல்கலைக்கழக மாணவி கெய்ட்லின் கிளார்க் நான்கு பருவங்களில் 3,951 புள்ளிகளைப் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதல் நிலைப் போட்டிகளில் ஆண், பெண் இருபாலரிலும் இதுவே மிக உயர்ந்த எண்ணிக்கையாக அமைந்தது. அவருடைய அணி 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசிய இறுதியாட்டத்தில் தோற்றது. எனினும், அவர் விடைபெற்று ஓராண்டு நிறைவதற்குள், 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் அவருடைய 22ஆம் எண்ணுக்கு ஓய்வு அளிக்கப்பட்டது.

கிளார்க்கும் கிண்ணத்தை வெல்லவில்லை. ஆனால், அவர் பெண்கள் கூடைப்பந்தின்பால் மக்களின் கவனத்தை ஈர்த்தார். 2023ஆம் ஆண்டு அக்டோபரில், அவருடைய அணி காற்பந்துத் திடல் ஒன்றைப்போன்ற பெரிய திறந்தவெளி அரங்கில் ஆடிய ஆட்டத்தைக் காண 55,646 பேர் திரண்டனர். பெண்கள் கூடைப்பந்து ஆட்டத்திற்கு அதற்குமுன் அத்தனை பேர் கூடியதில்லை.

விரைந்து முடிவெடுப்பதில் ஆபத்தும் உண்டு. இன்றைய ஆரவாரம் நாளையும் நிலைக்கும் என்று கூற முடியாது. காலம் கடத்துவதிலும் ஆபத்து உண்டு. நன்றி கூற வேண்டியவர் நம்மிடையே இல்லாமல் போகலாம்.

எதை அளப்பது?

வெற்றிக் கிண்ணத்தை வெல்வது ஓர் அணியின் கூட்டு முயற்சி. ஒரு புள்ளி குறைந்ததற்காக ஒரு தனி மனிதரின் உழைப்பை வீண் என்று ஒதுக்க முடியாது. அதேவேளை, புள்ளிகளைக் குவித்த அனைவருக்கும் இச்சிறப்பை வழங்கினால் அதன் மதிப்பு குறைந்துவிடும். ஆகவே, 'இவர் எத்தனை புள்ளிகள் எடுத்தார்?' என்ற கேள்வி மட்டும் போதாது. 'இவர் வந்ததால் இந்த விளையாட்டில் என்ன மாறியது? எத்தகைய சூழலில் இவர் ஆடினார்? இவரை அறியாத மாணவர்கள் இவரைப் பற்றி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?' என்ற கேள்விகளையும் கேட்க வேண்டும். இவற்றுக்குத் தெளிவான விடை இருக்குமானால், சட்டை கூரைக்குச் செல்வது தகும். சேம்பர்லேனைப் பொறுத்தவரை அவ்விடை தெளிவாகவே இருக்கிறது.

கான்சஸ் அரங்கில் இன்றும் அந்த 13ஆம் எண் தொங்குகிறது. தரையில் பயிற்சி செய்யும் மாணவர்கள் தலை நிமிர்ந்தால் அதைக் காணலாம். அங்கே தொங்குவது கிண்ணத்தை வென்றவரின் சட்டையன்று. ஒரே ஒரு புள்ளியில் தோற்றவரின் சட்டை.