தேவாலாவில் உழைப்புக்குக் கூலி உண்டு, பட்டா இல்லை

கூடலூரிலிருந்து பந்தலூர் போகும் வழியில் இருக்கிறது தேவாலா. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்த இடம் என்று வானிலைச் செய்தியில் அடிக்கடி இந்தப் பெயர் வரும். மற்ற மாதங்களில் சமவெளிக்காரர்கள் இந்த ஊரை நினைப்பதில்லை. ஒருவர் பணக்காரர் ஆவது உழைப்பாலா, வாய்ப்பாலா என்ற விவாதத்தைப் பட்டிமன்ற மேடைகள் சலிக்கச் சலிக்க நடத்திவிட்டன. அதையே தேவாலாவின் 150 ஆண்டு வரலாற்றில் வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகத் தெரிகிறது. காரணம், இங்கே உழைப்புக்கு ஒரு நாளும் பஞ்சம் இருந்ததில்லை. தங்கம், தேயிலை, நிலம் என்று மூன்று வகைச் செல்வத்தின் பெயரால் இந்த மலையில் வேலை நடந்தது. மூன்றிலும் முதுகு ஒடிய உழைத்தவர்கள் யார் என்பது தெரியும். பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதும் தெரியும். இரு தரப்பும் ஒரே ஆட்கள் இல்லை. உழைப்பில்லாமல் செல்வம் உருவாகாது என்பதை யாரும் மறுக்க முடியாது. உருவான செல்வம் யார் கைக்குப் போகிறது என்பதை, நிலத்திலும் பத்திரத்திலும் யாருக்கு உரிமை இருந்தது என்பதே முடிவு செய்திருக்கிறது.

முதலில் தங்கம். மலபாரோடு இருந்த தென்கிழக்கு வயநாடு 1877-இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அப்போது இங்கிருந்த காபித் தோட்டங்கள் இலைநோயாலும் தண்டு துளைப்பானாலும் நொடிந்து கிடந்தன. மண்ணுக்கடியில் பொன் இருக்கிறது என்ற பேச்சு அந்த நேரத்தில்தான் பெரிதாயிற்று. இங்கத்திய ஆதிவாசிகளான பணியர்களுக்கும் குறும்பர்களுக்கும் அது புதுச் செய்தியே அல்ல. ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொன்துகள் எடுப்பது அவர்கள் பல காலமாகச் செய்துவந்த வேலை. 1879-இல் இந்திய அரசு ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க வல்லுநரை வரவழைத்தது. அவருடைய அறிக்கை வந்ததும் லண்டனில் தீப்பிடித்ததுபோல் ஆகிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அங்கே பதிவாயின. காகிதத்தில் எழுதிய மூலதனம் மட்டும் 40 லட்சம் பவுனைத் தாண்டியது. நொடிந்த காபித் தோட்டங்கள் தங்க வயல்கள் என்ற பெயரில் பெரும் விலைக்குக் கைமாறின. பாறையை உடைத்து ஆலையில் அரைத்துப் பார்த்தபோது செலவுக்குக்கூடக் கட்டவில்லை. 1880-களின் பாதிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பங்கு வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கதையை ஏமாந்த முதலீட்டாளர்களின் கதையாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். அதில் நமக்கு வேண்டிய செய்தி வேறு. தங்கம் கிடைக்காமலேயே சிலர் பணம் பார்த்தார்கள்: வீணாய்ப்போன தோட்டத்தைத் தகுந்த நேரத்தில் விற்றவர்களும், கம்பெனியைத் தொடங்கிவைத்துத் தங்கள் தொகையை முதலிலேயே எடுத்துக்கொண்டவர்களும். மலையில் பாறை குடைந்தவர்களுக்கோ கம்பெனி நடந்த வரையில் கூலி கிடைத்தது, மூடியதும் அதுவும் நின்றது. எங்கே பொன் கிடைக்கும் என்ற அறிவு ஆதிவாசிகளிடம் இருந்தது. அந்த அறிவைப் பங்குப் பத்திரமாக மாற்றி விற்கும் இடம் லண்டனில் இருந்தது. திறமையும் முயற்சியும் மட்டுமே பணம் சேர்க்கும் என்றால் முதல் லாபம் மரத்தட்டுக்காரர்களுக்குப் போயிருக்க வேண்டும்.

அந்தப் பழைய சுரங்கங்களில் இன்றும் ஆட்கள் திருட்டுத்தனமாக இறங்குகிறார்கள். சட்டப்படி இது குற்றம்; போலீஸும் வனத்துறையும் பிடிப்பதும், குழி சரிந்து உயிர் போவதும் செய்தித்தாள்களில் வந்தபடியே இருக்கின்றன. வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆள் நுழையும் அளவே உள்ள குழிக்குள் ஊர்ந்து போய் வெள்ளைக்கல்லை வெட்ட வேண்டும், மூட்டையாகக் கட்டி வெளியே இழுக்க வேண்டும், மாவாக இடிக்க வேண்டும், தண்ணீரில் அலச வேண்டும், பாதரசம் சேர்த்து உருட்ட வேண்டும், பிறகு அதைச் சூடாக்கிப் புகை மூக்கில் ஏற ஏற ஆவியாக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது ஒரு பொட்டு. அதையும் வாங்குபவர் சொல்கிற விலைக்குத்தான் கொடுக்க முடியும். வழக்குக்குப் பயந்தவர் பேரம் பேச முடியாது. இதைவிடக் கடினமான வேலை தேவாலா வட்டாரத்தில் இல்லை. பணக்காரர் ஆவதற்கு உழைப்பே போதும் என்பவர்கள் இந்தக் குழியின் வாசலில் நின்று அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தேயிலை. அதைப் பேச இலங்கையிலிருந்து தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிச்சென்ற மக்கள் கண்டிச் சீமையின் காடுகளை வெட்டிக் காபியும் பிறகு தேயிலையும் வளர்த்தார்கள். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற சிலோன் டீ அவர்கள் கையால் வந்தது. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேட்காமலேயே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களில் பல ஆயிரம் குடும்பங்கள் கூடலூர், பந்தலூர் பகுதியில் குடியமர்ந்தன. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னர் டான்டீ நிறுவனமானது. பாண்டியாறு, நெல்லியாளம், சேரங்கோடு, கொளப்பள்ளி என்று சரிவு சரிவாகச் செடி வைத்தவர்கள் ‘சிலோன்காரர்கள்’தான்.

இரண்டு நாட்டில், தலைமுறை தலைமுறையாக, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டிலிருந்து பொழுது சாயும்வரை வேலை. அதற்குப் பிறகும் பெரும்பாலான குடும்பங்களின் பெயரில் ஒரு சென்ட் தேயிலை நிலம் இல்லை. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது; வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒரு நாளை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் துலங்கும். ஜூலை மழையில் பிளாஸ்டிக் சீட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அட்டை கடிக்கும் சரிவில் நின்று அவர் பறிக்கிறார். நிறுவைக்குக் கொண்டுவந்தால் ஈரத்துக்கு என்று எடையில் ஒரு கழிவு. குறித்த கிலோவுக்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று சிறு தொகை கூடும். அவர் கை இரட்டை வேகத்தில் ஓடினாலும் கூடுவது அவ்வளவுதான். அவர் கொழுந்து பறித்த செடியும், செடி நிற்கும் மண்ணும், ஏலத்தில் தூள் விற்ற பணமும் வேறு கணக்கில் ஏறுகின்றன. உழைப்பைக் கூட்டினால் கூலி கொஞ்சம் கூடும். கூலி சொத்தாக மாறும் வழி அங்கே அடைத்திருக்கிறது. பொருளியலாளர் பிராங்கோ மிலானோவிச் உலக அளவில் மக்களின் வருமான வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதில் பாதிக்கும் மேலானதை அவரவர் வாழும் நாடே விளக்கிவிடுகிறது என்று காட்டினார். எந்த நாட்டில் வாழ்வது என்பதையே இரண்டு பிரதமர்களின் கையெழுத்து முடிவு செய்த மக்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது நிலம், மற்ற இரண்டுக்கும் அடியில் இருப்பதும் அதுதான். கூடலூர், பந்தலூர் நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மம் (பரம்பரை நில உரிமை) சொத்தாக இருந்தது. தோட்டக் கம்பெனிகள் அங்கிருந்து நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தன. பணியர்கள் ஜன்மிகளிடம் அடிமைகளாகவே வாழ்ந்தார்கள். காட்டுநாயக்கர்களுக்குக் காடுதான் வீடு, அதற்குக் காகிதம் எதுவும் இல்லை. 1969-இல் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1974-இல் நடைமுறைக்கு வந்தது. உழுதவருக்குப் பட்டா என்பதுதான் அதன் பேச்சு. குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய அதன் 17-ஆம் பிரிவு அப்போதிலிருந்து இந்த மலையின் தலைவிதியாகிவிட்டது. 1972-இல் உச்ச நீதிமன்றம், பிறகு அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணை, 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அளித்த ஐ.ஆர். கோயலோ தீர்ப்பு என்று அந்தச் சட்டம் நாடு முழுக்க மேற்கோள் காட்டும் சட்டமாயிற்று. சட்ட மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்தத் தீர்ப்பின் வேர் கூடலூர் மண்ணில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வழக்கு நடந்த அத்தனை ஆண்டும் வக்கீல் வைக்க முடிந்தவர்கள் நிலத்தை அனுபவித்தார்கள். பிரிவு 17 நிலத்தில் கால் ஏக்கரோடு குடியிருந்தவர்களோ பட்டா இல்லை என்பதால் வங்கிக் கடன் இல்லாமல், பல இடங்களில் மின் இணைப்பும் இல்லாமல் காத்திருந்தார்கள். ஒரே சட்டச் சிக்கல்தான். காத்திருப்பதன் விலை ஆளுக்கு ஆள் வேறு.

இதற்கு மறுப்பு உண்டு, அதுவும் வலுவான மறுப்பு. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்திலிருந்து திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து வந்த குடியேறிகள், மலேரியாவுக்கும் யானைக்கும் நடுவே காடு திருத்தி மிளகும் இஞ்சியும் தேயிலையும் வைத்து நிமிர்ந்தார்களே, அவர்கள் உழைப்பால் உயரவில்லையா? உயர்ந்தார்கள், அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அவர்கள் உழைத்தது எங்கே என்று கேட்க வேண்டும். தங்கள் வேலியைத் தாங்களே போட்டுக்கொண்ட நிலத்தில். அன்றைய அரசு உணவு உற்பத்திக்காகக் காடு திருத்துவதை ஊக்குவித்தது. பணப்பயிர் வைத்த அனுபவமும் சந்தைத் தொடர்பும் அவர்களிடம் இருந்தன. அவர்கள் வெட்டிய ஒவ்வொரு குழியும் அடுத்த ஆண்டுக்கான சொத்தானது. அதே வெயிலில் அதே மண்வெட்டியோடு கூலிக்கு நின்ற பணியர் வெட்டிய குழி, வெட்டிய அன்றே பிறர் சொத்தானது. இந்த மறுப்பு, உழைப்பு எப்போது பலிக்கிறது என்பதற்கே சாட்சி சொல்கிறது.

தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் கணினி வேலைக்காரர்களாகவும் ஆகவில்லையா என்று இன்னொரு கேள்வி வரும். ஆகியிருக்கிறார்கள். கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் சென்னையிலும் அவர்களைக் காணலாம். அவர்கள் கதையில் அரசுப் பள்ளி, சத்துணவு, விடுதி, இட ஒதுக்கீடு, உதவித்தொகை எல்லாம் இருக்கின்றன. அதாவது வாய்ப்பை அரசு கொஞ்சம் சமப்படுத்திய இடத்தில் முயற்சி முளைத்திருக்கிறது. அப்போதும் அவர்கள் எட்டியது பெரும்பாலும் மாதச் சம்பளத்தைத்தான். இந்தியாவில் ஏழைக் குடும்பம் ஒன்று சராசரி வருமானத்தை எட்ட ஏழு தலைமுறை ஆகலாம் என்று பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 2018-இல் கணக்கிட்டது. கண்டிக்குக் கப்பல் ஏறிய குடும்பம் இப்போதுதான் ஏழாவது தலைமுறையை நெருங்குகிறது.

இப்படியெல்லாம் பேசினால் இளைஞர்கள் உழைப்பதையே விட்டுவிடுவார்கள் என்ற அச்சத்துக்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். அதைச் சொல்பவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பதில் கூடலூரிலேயே இருக்கிறது. கூடலூர் ஆதிவாசிகளைப் பற்றி ஒரு காலத்தில் முதலாளிகள் சொன்னது, அவர்களுக்கு வேலையில் நாட்டமில்லை, சேர்த்துவைக்கத் தெரியாது என்பது. 1980-களின் நடுவில் அக்கார்டு என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. 1988 டிசம்பரில் பல ஆயிரம் ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். பறிபோன நிலங்களில் சிலவற்றை மீட்டார்கள். மீட்ட நிலத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த விவாதத்துக்கு முக்கியம்: தேயிலை வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் நிற்கும் பயிர் இருந்தால் நிலத்தைப் பிடுங்குவது கடினம் என்று கணக்குப் போட்டு நாற்று நட்டார்கள். 1998-இல் மதுவனம் என்ற தேயிலைத் தோட்டத்தைச் சமூகச் சொத்தாகவே வாங்கினார்கள். சோம்பேறிகள் என்று பெயர் வாங்கியவர்கள் பத்து ஆண்டுகளில் இரத்தத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தன் உழைப்பு தனக்கே சேரும் என்ற உறுதி வந்தபோது உழைப்பின் திசை மாறியது. அப்படியானால் இளைஞர்களிடம் ஊக்கத்தைக் கெடுப்பது எது? வாய்ப்பு சமமில்லை என்று சொல்வதா, உழைத்தும் பயனில்லாமல் போன பெற்றோரை நாள்தோறும் பார்ப்பதா?

தேவாலாவில் தெரிவது நாடு முழுக்கவும் இருக்கிறது. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவின் சொத்தில் 40 விழுக்காடு மேல்தட்டில் உள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருக்கிறது. அவர்களில் கடுமையாக உழைத்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் ஒரு விழுக்காட்டினரின் உழைப்பு நாட்டின் உழைப்பில் 40 விழுக்காடு என்று யாரும் வாதிடத் துணிய மாட்டார்கள். பெற்றோர் சொத்து பிள்ளைக்குப் போகும்போது விதித்த எஸ்டேட் வரியை 1985-இல் எடுத்துவிட்டோம். சொத்தின் மீது விதித்த செல்வ வரி 2015 பட்ஜெட்டோடு போயிற்று. சொத்து தலைமுறை தாண்டத் தடையே இல்லாத நாட்டில், கூலி மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் முதலிலிருந்து தொடங்குகிறது.

செய்ய வேண்டியவை தொலைவில் இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி ஆதிவாசிக் குடியிருப்புகளுக்குச் சேர வேண்டிய உரிமைப் பத்திரங்களைத் தாமதமின்றிக் கொடுக்கலாம். பிரிவு 17 நிலத்தில் பெரிய குத்தகைகளையும் கால் ஏக்கர் வீடுகளையும் ஒரே கோப்பில் கட்டிவைக்காமல், சிறு குடியிருப்புகளை முதலில் பிரித்தெடுத்து முடிக்கலாம். ஓய்வு பெற்ற டான்டீ தொழிலாளர்களுக்குக் கட்டித்தரும் வீடுகளில் பயனாளிகள் செலுத்த வேண்டிய பங்கைத் தானே ஏற்பதாக மாநில அரசு 2022-இல் சொன்னது, நல்ல தொடக்கம். அந்த வீடு குடியிருக்க மட்டும் கொடுத்த இடமாக நின்றுவிடாமல், நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த பெண்ணின் பெயரிலேயே, அவர் மகள் வங்கியில் காட்டக்கூடிய பட்டாவோடு வர வேண்டும்.