திடீரென மூச்சு வாங்குதா? காலையும் பாருங்கள்

லயத்தில் ஒருவர் "மூச்சு முட்டுது" என்று சொன்னால் முதலில் கொத்தமல்லித் தண்ணி வரும். அடுத்தது நெஞ்சில் சித்தாலேப. அதற்குள் பக்கத்துக் காம்பராக்களில் இருந்து "குளிர் ஏறியிருக்கு", "வாயு புடிச்சிருக்கு", "எதையோ பார்த்துப் பயந்திருக்கா" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பொகவந்தலாவைக் குளிரில் இவற்றில் சில சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நோய் இருக்கிறது. அது வந்தால் விடியட்டும் பார்ப்போம் என்று இருக்க நேரம் இல்லை. நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயை இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதுதான் அது. பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாத தாய் இருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்ட வேண்டும்.

நோய் தெரிவது நெஞ்சில் என்றாலும், கட்டி பெரும்பாலும் உண்டாவது காலில். காலின் உள்ளே ஆழத்தில் பெரிய இரத்த நாளங்கள் இருக்கின்றன. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி இறுகி அந்த இரத்தத்தை மேலே தள்ளிவிடும். நாள்கணக்கில் அசையாமல் படுத்திருந்தால் இரத்தம் தேங்கும். தேங்கிய இடத்தில் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு இரத்தத்தோடு மேலே போனால், இதயத்தைக் கடந்து நுரையீரல் குழாயில் போய்ச் சிக்கும். மேலே பைப்புக்குள் சருகு அடைத்தால் கீழே பீலியில் தண்ணி நின்றுவிடுகிறதே, அப்படித்தான். சின்னக் கட்டியானால் மூச்சு வாங்கும். பெரியதானால் ஆள் நின்ற இடத்திலேயே விழலாம்.

"மலை ஏறி இறங்குற காலுக்கு இதெல்லாம் வராது" என்று சிலர் எங்களிடம் சொல்வார்கள். வேலைக்குப் போகிற நாளில் கால் ஆடிக்கொண்டே இருப்பதால் அது ஓரளவுக்குச் சரி. ஆபத்து அந்தக் கால் படுத்த நாட்களில்தான் வருகிறது. பெரிய ஆபரேஷன் செய்தவர்கள், கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்கள், நோயால் பல நாள் படுக்கையில் இருப்பவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், முன்பு ஒரு தடவை இப்படிக் கட்டி வந்தவர்கள் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். சிலவகைக் கர்ப்பத்தடை மாத்திரைகளும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் கர்ப்பமும் பிரசவமும் அதைவிட அதிகமாகக் கூட்டும். ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்கள்.

பிரசவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைப்பேற்றில் இரத்தம் அளவுக்கு மீறிப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கர்ப்ப காலத்தில் பெண்ணின் இரத்தம் சுலபமாக உறையும்படி இயற்கையாகவே மாறுகிறது. பிள்ளை பிறந்த பின்னும் அந்தத் தன்மை சில வாரங்களுக்கு இருக்கும். முதல் ஆறு வாரம்தான் மிக மோசம், சிசேரியன் என்றால் ஆபத்து இன்னும் கூடும். அந்த நேரம் பார்த்துத்தான் நம் வீடுகளில் "பச்ச உடம்பு, கட்டிலை விட்டு இறங்காத" என்று வைத்திருக்கிறோம். தண்ணி குடித்தால் வயிறு பெருக்கும் என்று தண்ணியையும் குறைக்கிறோம். பெரியவர்கள் அன்பினால் செய்வது எங்களுக்கும் தெரியும். பத்தியச் சாப்பாடு, வேது குளிப்பு எல்லாம் உங்கள் விருப்பம். இந்த இரண்டு விஷயத்தில் மட்டும் டொக்டர் சொல்வதைக் கேளுங்கள். தாய் எழும்பி நடக்கட்டும். தாகத்துக்குத் தண்ணி குடிக்கட்டும்.

அடையாளம் என்ன?

மூச்சு வாங்குவது திடீரென்று வரும். இதுதான் பெரிய அடையாளம். இரத்தம் குறைந்தவர்களுக்கும் மூச்சு வாங்கும், ஆனால் அது வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். இது அப்படியில்லை, காலையில் நன்றாக இருந்தவர் மத்தியானம் நாலு படி ஏற முடியாமல் நிற்பார். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சிலோ விலாவிலோ கத்தியால் குத்துவது போல வலிக்கலாம். நெஞ்சு படபடவென்று அடிக்கும். சிலருக்கு இருமலில் இரத்தம் வரும். சிலர் மயங்கி விழுவார்கள்.

அடுத்தது கால். கர்ப்பிணிகளுக்கு இரண்டு பாதமும் வீங்குவது வழக்கம். (இரண்டும் வீங்கினாலும் கிளினிக்கில் காட்டத்தான் வேண்டும், அது வேறு விஷயம்.) ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, நிறம் மாறி, கெண்டைக்கால் வலித்தால்தான் கட்டியென்று சந்தேகிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இடது காலில்தான் வரும். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. தையல் நூல் ஒன்றை எடுத்து முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து பாருங்கள். ஒரு கால் மற்றதைவிட 3 சென்ரிமீற்றருக்கு மேல் பெருத்திருந்தால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். அப்படி வீங்கிய காலைத் தைலம் போட்டு உருவி விடவே வேண்டாம். ஒட்டியிருக்கும் கட்டி உருவுவதில் கழன்று மேலே போய்விடலாம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கால் நன்றாக இருந்தும் நெஞ்சில் கட்டி போய் நிற்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே கால் வீங்கவில்லை என்பதற்காக மூச்சுத் திணறலைச் சும்மா விடக் கூடாது.

டொக்டரிடம் என்ன சொல்வது?

நம் ஆட்களில் பலர் அங்கே போய், "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நிற்பார்கள். கால் வலியை வேறொரு நாள் வேறொருவரிடம் சொல்லியிருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால்தான் வைத்தியருக்கு இந்த நோய் ஞாபகத்துக்கு வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஐயா, புள்ள பொறந்து பன்னெண்டு நாளு. சிசேரியன். மூணு நாளா இடது கெண்டைக்காலு வீங்கி வலிச்சிச்சு. இன்னைக்குக் காலையில இருந்து திடீர்னு மூச்சு வாங்குது." இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும்.

இந்த நோயைச் சந்தேகிக்கும்போது வைத்தியர்கள் புள்ளி போட்டுப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. கனடா நாட்டு வைத்தியர் வெல்ஸ் என்பவரின் பெயரால் அதைச் சொல்வார்கள். ஒரு காலில் கட்டிக்கான அடையாளம் உண்டா, வேறு நோயைவிட இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகமா, நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 100க்கு மேலா, மூன்று நாளாவது படுக்கையில் இருந்தாரா அல்லது நாலு வாரத்துக்குள் ஆபரேஷன் நடந்ததா, முன்பு கட்டி வந்ததா, இருமலில் இரத்தமா, புற்றுநோய் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. நாடியை எண்ணுவது அவர் வேலை. மற்றவற்றில் பலதுக்கு விடை உங்கள் வாயில் இருந்துதான் வர வேண்டும்.

பிறகு சோதனைகள். விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டி இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஈ.சி.ஜி., எக்ஸ்ரே எடுப்பார்கள். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். இந்த நோய் இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். "படத்துல ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு நோயாளியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். நிமோனியா போன்ற வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாக அந்தப் படம்.

டி-டைமர் என்று ஒரு இரத்தச் சோதனை உண்டு. ஆபத்துக் குறைந்தவர்களுக்கு அது சரியாக இருந்தால் கட்டி இல்லை என்று வைத்தியர் விட்டுவிடலாம். ஆனால் அது கூடியிருப்பதாலேயே கட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை. பிரசவம், ஆபரேஷன், காய்ச்சல் எல்லாவற்றிலும் அது கூடும். கட்டியைக் கண்ணால் பார்க்க உதவுவது ஸ்கேன்தான். காலுக்கு, கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் செய்வது போன்ற அதே வகை ஸ்கேன். நெஞ்சுக்கு, கையில் மருந்து ஏற்றிச் செய்யும் சி.டி. ஸ்கேன். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சி.டி. ஸ்கேன் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும். அதனால்தான் இங்கிருந்து மேலே அனுப்புகிறார்கள், கைவிட்டதாக நினைக்கக் கூடாது. சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே ஹெபரின் ஊசி போட்டு அனுப்புவார்கள். அதுவும் சரியான முறைதான்.

டெனிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அவருக்கு 2011இலேயே நுரையீரலில் கட்டி வந்திருந்தது. 2017 செப்டெம்பரில் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் மூச்சுத் திணறியது. இது அதே நோய்தான், சி.டி. ஸ்கேன் எடுத்து ஹெபரின் கொடுங்கள் என்று அவரே கேட்டார். வலி மருந்தில் தடுமாறிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். முதலில் காலை ஸ்கேன் செய்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு நெஞ்சை சி.டி. எடுத்தபோது நுரையீரலில் பல சிறிய கட்டிகள். அத்தனை வசதியும் பேரும் உள்ளவரே இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. நீங்களும் மரியாதையாக இரண்டாம் தடவை சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சிகிச்சையால் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எடுத்து 1960இல் வெளிவந்த ஒரு கணக்கைச் சொல்கிறோம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்த 16 பேரில் ஒருவரும் இந்தக் கட்டியால் சாகவில்லை. கொடுக்காத 19 பேரில் 5 பேர் கட்டியால் செத்தார்கள். அதன் பிறகு மருந்து கொடுக்காமல் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை என்று அந்த ஒப்பீட்டையே நிறுத்தினார்கள்.

ஆகவே வீட்டில் இப்படி நடந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை, தமிழில் பேசலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை இது. மற்ற மாகாணங்களுக்கும் வரும் என்று 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டில் பேசியபோது அறிவித்ததை அன்று மைதானத்துக்குப் போனவர்கள் கேட்டிருப்பீர்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியின் புதிய கட்டிடத்தைத் திறந்ததும் அதே நாளில்தான். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம் எந்தப் பக்கம் என்று தெளிவாகச் சொல்லி, ஒரு ஆளை மெயின் ரோட்டில் டோர்ச்சோடு நிறுத்துங்கள். நோயாளியை நடக்க விட வேண்டாம், கதிரையில் உட்கார வைத்துத் தூக்கி வாருங்கள்.

குணமாகி வந்தவர்கள் குறைந்தது மூன்று மாதம் மருந்து எடுக்க வேண்டும். வோபரின் மாத்திரை என்றால் கிளினிக்கில் அடிக்கடி இரத்தம் சோதித்து, பெரும்பாலானோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் அளவை வைத்திருப்பார்கள். குறைந்தால் மறுபடி கட்டும், கூடினால் எங்காவது இரத்தம் கசியும். கீரையை விட வேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் ஒன்றுமில்லை என்று இல்லாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். கசாயம், நாட்டு மருந்து, கடையில் வாங்கும் வலி மாத்திரை எதையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார் வோபரின் எடுக்கலாம். மறுபடி கர்ப்பம் தரித்தால் உடனே சொல்லுங்கள், அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அப்போது ஊசிக்கு மாற்றுவார்கள்.

கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் ஓடுவதற்குக் காரணம் அதன் எச்சிலில் இருக்கும், இரத்தத்தை உறைய விடாத பொருள். 1884இல் ஹேக்ராஃப்ட் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். நீங்கள் எடுக்கும் மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் கடிவாய் வழக்கத்தைவிட நெடுநேரம் ஓடும். பயப்படாமல் சுத்தமான துணியால் பத்துப் பதினைந்து நிமிஷம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். அப்பவும் நிற்காவிட்டால் டிஸ்பென்சரிக்கு வாருங்கள். மழை மாதங்களில் அட்டை அதிகமுள்ள மலைக்குப் போடாமல் வேறு மலைக்குப் போடச் சொல்லி கங்காணியிடம் கேட்கலாம்.

கிளினிக் நாளில் ஒரு பேர் போகும் என்று பலர் போகாமல் விடுகிறார்கள். திகதியைக் கலண்டரில் குறித்து, அதற்கு முன் எங்களிடம் கிளினிக் கொப்பியைக் கொண்டு வந்து காட்டுங்கள். தோட்ட அலுவலகத்தில் நாங்கள் பேசிப் பார்க்கிறோம்.